இரவல் அச்சு

ஜெர்மனியின் ஹம் நகரத்துத் தொழிற்பேட்டையில் ஒரு காலத்தில் தரைவிரிப்பு விற்ற கட்டடம் இப்போது தமிழர்களின் கலியாண மண்டபம். பங்குனிச் சனிக்கிழமை ஒன்றில் அங்கே தம்பித்துரையின் மகள் ஆதிரைக்குக் கலியாணம். சுவரோரத்து மேசையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிட வேண்டும். கண்ணாடிக் கதவுக்கு நேரே, மணவறைக்கு முதுகு காட்டி, இராயப்பு. அவருக்கு வலப்பக்கம் மனைவி சிசிலி. எதிரே சோதிலிங்கம், அவருக்குப் பக்கத்தில் அவர் மனைவி கண்மணி. இராயப்புவின் இடப்பக்கத்துக் கதிரையில் ஆள் இல்லை, ஒரு நீலக் கோட்டு மட்டும் தொங்கியது. அது சிசிலியின் தம்பி ஜெசிந்தனுடையது. கோட்டின் சொந்தக்காரன் வெளியே தன் வெள்ளை மஸ்டாங் காருக்குக் காவல் நின்றான். கலியாணங்களுக்கும் பூப்புச் சடங்கான சாமத்திய வீடுகளுக்கும் கார் வாடகைக்கு விடுவது அவன் தொழில்.

"இராயப்பண்ணை, தாலி கட்டுறது உங்களுக்குப் பின்னாலை," என்றார் சோதிலிங்கம். "மணவறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கலியாணம் பாக்கிற ஆளை இண்டைக்குத்தான் காணுறன்."

"அவருக்கு வெளியிலை நிக்கிறதுதான் பொம்பிளை," என்றாள் கண்மணி. "பூவும் வைச்சிருக்கு, பாருங்கோவன்."

"விடுங்கோ அக்கா," என்று சிசிலி இன்னொரு வடையை எடுத்தாள். "தவக்காலத்திலை வாற சைவக் கலியாணம் எங்களுக்கு எவ்வளவு வசதி! மரக்கறி தேடித் திரியத் தேவையில்லை." புருசன் பக்கம் திரும்பினாள். "சாப்பிடுங்கோ அப்பா, ஏன் முகத்தைத் தொங்கப்போட்டிருக்கிறியள்?"

இராயப்பு சாப்பிடவில்லை. கதவுக்கு அப்பால் மஸ்டாங்கின் பின்பக்கம் தெரிந்தது. காலையில் மாப்பிள்ளை அதில் வந்து இறங்கியபோது நாதஸ்வரம் முழங்கியது, ஆளுக்கு ஆள் படம் எடுத்தார்கள். பின் சக்கரங்கள் பூனை நடப்பதுபோல உருண்டு வந்து நின்றன. அந்தச் சத்தமில்லாமைதான் இராயப்புவின் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கியிருந்தது. ஏனென்றால் அந்தச் சக்கரங்களைத் தாங்கி நின்ற பின் அச்சு மஸ்டாங்கினுடையது அல்ல.

சட்டைப் பையில் தொலைபேசி அதிர்ந்தது. எழுந்து வெளியே வருவதற்குள் அழைப்பு நின்றுபோய், குரல் பதிவு ஒன்று வந்திருந்தது. காதில் வைத்தார். ஜெர்மனில் ஒரு முதியவரின் குரல்.

"ஹெர் இராயப்பு, நான் ஓவர்பெக். இப்படியொரு வெயிலை விட்டுவிட்டு வீட்டில் இருக்க மனம் வரவில்லை. பச்சைக்காரியை எடுத்துக்கொண்டு மோனெ ஏரிப் பக்கம் போகிறேன். ஈஸ்டர் வரை பொறுக்க முடியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். நல்ல வார இறுதி!"

இராயப்பு உடனே திருப்பி அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓவர்பெக் கார் ஓட்டும்போது தொலைபேசியைத் தொடாத மனிதர்.

"என்ன அத்தான், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்?" என்று ஜெசிந்தன் கிட்ட வந்தான்.

"மனிசன் தன்ரை கூகர் காரை எடுத்துக்கொண்டு போட்டுது."

ஜெசிந்தனின் கை தானாக மஸ்டாங்கின் மேல் போய் நின்றது. "ஈஸ்டர் திங்களுக்குத்தானே எடுக்கிறவர்!"

"இண்டைக்கு வெயிலாம்."

ஓவர்பெக் யார் என்று இங்கே சொல்லாவிட்டால் இந்தக் குற்றத்தின் எடை புரியாது. இராயப்பு கார் திருத்தும் இடம் ஓவர்பெக்கின் சொந்தக் கொட்டகை. சொந்தமாகத் தொழில் தொடங்க இராயப்பு இடம் தேடிய காலத்தில், பெயரைக் கேட்டவுடனே 'இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டது' என்று சொன்னவர்கள் பலர். ஓவர்பெக் மட்டும் பெயரைக் கேட்கவில்லை, கையைப் பார்த்தார். நகக்கண்ணில் கிரீஸ் இருந்ததைக் கண்டு கொட்டகைப் பூட்டின் திறப்புகளில் ஒன்றைக் கொடுத்தார். ஹம் ரயில்வேயில் சரக்குப் பெட்டிகளின் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே வெடிப்பு உண்டா இல்லையா என்று சொல்லும் வேலை அவருக்கு. ஓய்வு பெற்று நெடுங்காலம். மனைவியும் போய்விட்டாள். மிச்சமிருந்தது ஒரு மகளும், ஒரு கடும்பச்சை நிற மெர்குரி கூகர் காரும். அறுபதுகளின் கடைசியில் அமெரிக்காவில் பிறந்தது. பனிக்காலம் முழுக்க இராயப்புவின் கொட்டகை மூலையில் துணி போர்த்துத் தூங்கும். ஈஸ்டர் திங்களன்று அவர் வந்து, துணியை உரித்து, ஏரிவரை ஒரு சுற்றுப் போய்வருவார். இத்தனை வருடத்தில் ஒருமுறையும் அது மாறியதில்லை. அந்த நம்பிக்கையில்தான் இராயப்பு கைவைத்தார். நம்பிக்கைக்குக் காலண்டர் தெரியும், வெயில் தெரியாது.

மூன்று நாளைக்கு முன், புதன்கிழமை ஜெசிந்தன் மஸ்டாங்கைக் கொட்டகைக்குள் கொண்டுவந்தபோது அது ஓநாய்போல ஊளையிட்டது. பின் அச்சின் நடு உருண்டைக்குள்ளே பேரிங் தேய்ந்து, எண்ணெயும் கசிந்திருந்தது. அப்படியே ஓடினால் ஒருநாள் உள்ளே இறுகிப் பிடித்துவிடும், ஓடுகிற ஓட்டத்தில் பின் சக்கரம் இரண்டும் பூட்டிக்கொள்ளும். உதிரிப்பாகம் அமெரிக்காவிலிருந்து வரவேண்டும். கலியாணமோ சனிக்கிழமை.

"வேறை கார் விடு," என்றார் இராயப்பு.

"ஆதிரை இந்தக் காரைப் பாத்துத்தான் அத்தான் மண்டபத்துக்கே ஓமெண்டவள். தம்பித்துரையர் ஊர் முழுக்கச் சொல்லித் திரியிறார்." ஜெசிந்தனின் கண் மெல்ல மூலைக்குப் போனது. "அத்தான், கூகரின்ரை அச்சு இதுக்குப் பொருந்தும்தானே?"

பொருந்தும். அந்த வருடங்களில் வந்த கூகரும் மஸ்டாங்கும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அகலம் ஒன்று, வில்லுத்தகடு உட்காரும் இடம் ஒன்று. அக்காவின் சட்டையைத் தங்கைக்குப் போடுவதுபோல.

"அது இன்னொருத்தற்றை கார், தம்பி."

"கலியாணத்துக்கு இரவல் நகை போடாத சனம் எங்கடையிலை ஆர் அத்தான்? அக்கா உங்களைக் கட்டேக்கை போட்ட பதக்கஞ் சங்கிலி பெரியம்மாவின்ரை. போட்டது, கழட்டித் துடைச்சுக் குடுத்தது. ஆருக்கு என்ன நட்டம்? ஞாயிறு திருப்பி மாத்துவம்."

ஓவர்பெக்கிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் அவர் மறுத்திருக்க மாட்டார். அதுதான் சங்கடம். கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதரிடம், கொட்டகையே தந்தவரிடம், இன்னுமொன்று கேட்க இராயப்புவுக்கு நாக்கூசியது. கேட்கக் கூசிய நாக்கு, எடுக்க வந்த கையைத் தடுக்கவில்லை.

வியாழன் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் வேலை செய்தார்கள். இரண்டு காரையும் தாங்கியில் ஏற்றி, சக்கரம் கழற்றி, பிரேக் குழாயை அவிழ்த்து, கைப்பிரேக் கம்பியை விடுவித்து, எஞ்சினிலிருந்து வரும் நீள்தண்டைப் பிரித்து, வில்லுத்தகட்டை அணைத்திருந்த கொளுக்கிகளின் நட்டுகளை இளக்கி, அச்சைக் கைக்குழந்தைபோல வெளியே இழுத்தார்கள். பச்சைக்காரியின் நல்ல அச்சு வெள்ளைக்காரிக்குப் போனது. அதோடு நிறுத்தியிருந்தால் குற்றம் பாதிதான். யாராவது வந்து பார்த்தால் கார் அச்சில்லாமல் தாங்கியில் நிற்பது தெரிந்துவிடுமே என்று, மஸ்டாங்கின் பழுதான அச்சைக் கூகருக்குப் பூட்டி, பிரேக் குழாயில் காற்றெடுத்து, நாலு சக்கரத்திலும் நிறுத்தி, துணியைப் பழையபடி போர்த்தவர் இராயப்புதான். ஜெசிந்தன் அதைச் சொல்லித் தரவில்லை. வேலையை ஒழுங்காக முடித்துப் பழகிய கை, களவையும் ஒழுங்காக முடித்தது.

இப்போது கூகர் ரோட்டில்.

இராயப்பு மண்டபத்துக்குள் திரும்பவில்லை. கொட்டகைக்கு ஓடினார். மூலை வெறுமையாக இருந்தது. போர்வைத் துணியை ஓவர்பெக் சட்டை மடிப்பதுபோல மூலைக்கு மூலை சேர்த்து மடித்துத் தட்டில் வைத்திருந்தார். இராயப்பு தன் வான் வண்டியின் பின்னால் இழுவைவண்டியைக் கொழுவி, பட்டு வேட்டியோடே, ஏரிக்குப் போகும் வேர்ல் நகரப் பக்கம் விரட்டினார். வழியில் நெருப்பணைப்பு வண்டி ஒன்று ஊதிக்கொண்டு எதிரே வந்தது. ஸ்டியரிங்கில் கையை வைத்தபடியே சிலுவை போட்டுக்கொண்டார். 'மாதாவே, அந்த மனிசனுக்கு ஒண்டும் ஆகாமல் பார். நான் எல்லாத்தையும் சொல்லிப்போடுறன்' என்று நேர்ந்தார். நேர்த்தி வைக்கிற நேரத்தில் யாருக்கும் தயக்கம் வருவதில்லை.

ஏரிக்கு ஏறும் மேட்டுக்கு முன்னால், வாகனம் ஒதுங்கும் இடத்தில், பச்சை நிறம் தெரிந்தது. கார் முழுசாக நின்றது. ஓவர்பெக்கும் முழுசாக இருந்தார். பின் சக்கரத்தருகே முழங்காலில் குந்தி, நீண்ட திருப்புளியின் அலகை அச்சில் ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்து வைத்திருந்தார். இராயப்பு இறங்கிப் போனபோது கண்ணில் நீர் முட்டியது. அது நன்றிக் கண்ணீரா பயக்கண்ணீரா என்று அவருக்கே விளங்கவில்லை.

"ஹெர் இராயப்பு!" ஓவர்பெக் அவருடைய வேட்டியை மேலும் கீழும் பார்த்தார். "கலியாணத்தை விட்டா வந்தீர்கள்? உதவிக்கு நான் அழைக்கக்கூட இல்லையே."

"நிறைய நாள் நின்ற கார்... ஒரு யோசனையாக இருந்தது," என்றார் இராயப்பு. ஜெர்மன் அவருக்கு வேலைக்கு வேண்டிய அளவு வரும். அன்று அதுவும் வரமறுத்தது.

"உள்ளே ஊளையிடுகிறது. கேட்டீர்களா? பேரிங் என்று நினைக்கிறேன். அதுமட்டுமல்ல, எண்பதில் போகும்போது எஞ்சின் உயரப் பாடுகிறது. முன்பு எண்பதில் இப்படிப் பாடாது. முப்பது வருடமாக எனக்கு இவளின் குரல் தெரியும்."

உண்மைதான். மஸ்டாங்கின் அச்சுக்குள் பற்சக்கரத்தின் பல்லுக் கணக்கு வேறு. அதே வேகத்துக்கு எஞ்சின் இன்னும் கொஞ்சம் அதிகம் சுற்ற வேண்டும். அந்தச் சின்ன வித்தியாசத்தைக் காதால் பிடித்துவிட்டார் கிழவர். அவர் காரில் ஏறி எஞ்சினை இயக்கி மெதுவாகச் சில அடி உருட்டிக் காட்டினார். ஊளை தெளிவாகக் கேட்டது. கலியாண மண்டபத்து நாதஸ்வரம்கூட அவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்காது.

"கேட்கிறதா?" என்று கண்ணாடியை இறக்கிக் கேட்டார் ஓவர்பெக்.

நேர்த்தி வைத்த வாய் திறந்தது. ஆனால் கிழவர் அடுத்த வார்த்தையையும் சொல்லிவிட்டார்: "அல்லது என் காதுதான் ஊளையிடுகிறதா? என் மகள் மாதக்கணக்காகச் சொல்கிறாள், காது வைத்தியரிடம் போ என்று."

திறந்திருந்த கதவு அது. தப்பிப் போகிறவன் கதவு யாருடையது என்று பார்ப்பதில்லை.

"எனக்குப் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை," என்றார் இராயப்பு. "ஆனாலும் இழுத்துக்கொண்டு போய் ஒருக்கால் பார்க்கிறேன்."

ஓவர்பெக் எஞ்சினை நிறுத்தினார். "உங்களுக்குக் கேட்கவில்லை," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஞாயிறு பூசைக்குப் போகாமல் இராயப்பு தனியாக இரண்டு அச்சையும் திருப்பி மாற்றினார். ஜெசிந்தன் கலியாண அசதியில் நித்திரை. கூகரின் சொந்த அச்சைத் துடைத்து, புது எண்ணெய் ஊற்றி, ஒவ்வொரு நட்டையும் அளவுக்கு இறுக்கினார். இரவல் நகை பெட்டிக்குத் திரும்பியது. திங்கள் காலை ஓவர்பெக் வந்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். பச்சைக்காரி பட்டுப்போல ஓடினாள்.

"என்ன மாற்றினீர்கள்?"

"எண்ணெய்," என்றார் இராயப்பு. அது பொய்யில்லை. அதனால்தான் அது இன்னும் மோசம்.

"வெறும் எண்ணெய்க்கு அப்படிச் சத்தம் வராது." கிழவர் சிரிக்கப் பார்த்தார். "எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. காது ஒருமுறை பிழைத்தால் சுத்தியலை மேசையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். யாரும் கேட்கும்வரை காத்திருக்கக்கூடாது. இல்லாத சத்தம் கேட்கிறவனுக்கு, நாளைக்கு இருக்கிற சத்தம் கேட்காது. அப்படிப்பட்டவன் ரோட்டில் ஓடினால் ஆபத்து மற்றவனுக்கு." திறப்பை இராயப்புவின் உள்ளங்கையில் வைத்தார். "உங்கள் மைத்துனர் கலியாணக் கார் விடுகிறாரே. அவருக்கு இவள் பிடிக்குமா? விலையை அவரே சொல்லட்டும். நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்றால் எனக்குக் கவலை இல்லை."

விஷயத்தைக் கேட்ட ஜெசிந்தன் சிசிலியின் குசினிக்குள் நின்று துள்ளினான். "இரவல் கேட்டம், நகைப்பெட்டியே வீடு தேடி வருது! வெள்ளையிலை மாப்பிளை, பச்சையிலை பொம்பிளை! ஈஸ்டர் முடிஞ்ச கிழமை பெயர் மாத்தக் கந்தோரிலை டெர்மின் எடுத்திட்டன், நாள் குறிச்சாச்சு அத்தான்."

"அது களவு, ஜெசி."

"எது களவு? அச்சைத் திருப்பிப் பூட்டியாச்சு. கிழவர் தானா விக்கிறார். நாங்கள் தலையிலை துவக்கு வைச்சே கேட்டனாங்கள்?"

"அந்த மனிசனுக்குக் காது வலு சுத்தம்."

"எழுபத்தெட்டு வயதிலை ஆருக்கு அத்தான் காது சுத்தம்? இண்டைக்கு இல்லாட்டி நாளைக்கு விக்கத்தான் போறார். எனக்கு வித்தாலென்ன!"

சிசிலிக்கு நடந்ததெல்லாம் அன்றுதான் தெரிந்தது. "பட்டு வேட்டியிலை ஏன் கிரீஸ் எண்டு இப்ப விளங்குது," என்று மட்டும் சொன்னாள்.

பெரிய வெள்ளிக்கு முன்னால் தமிழ்ச் சாமியார் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டார். இராயப்பு வரிசையில் நின்று, முழங்காலில் இருந்து, சேதியை ஒன்று விடாமல் சொன்னார். ஒன்று விடாமல் என்றுதான் அவர் நினைத்தார்.

"எடுத்ததைத் திருப்பிக் குடுத்திட்டீங்களோ?" என்றார் சாமியார்.

"ஓம் ஃபாதர். நட்டு முதற்கொண்டு திருப்பிக் குடுத்திட்டன்."

"பிறகென்ன? கேளாமல் ஒண்டையும் எடாதேங்கோ. ஒரு செபமாலை சொல்லுங்கோ."

வெளியே வந்து வான் வண்டியில் ஏறியபோதுதான், காதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்பது இராயப்புவுக்கு உறைத்தது. அச்சைச் சொன்னார், துணி போர்த்ததைச் சொன்னார், பூசை தவறியதைக்கூடச் சொன்னார். ரோட்டோரத்தில் 'எனக்குக் கேட்கவில்லை' என்றதை மட்டும் நாக்கு பின்னுக்குத் தள்ளிவிட்டது. திரும்பி உள்ளே போகலாமா என்று பார்த்தார். வரிசை நீண்டிருந்தது. அதைவிட, சாமியார் அடுத்த கேள்வியாக என்ன கேட்பார் என்பதும் தெரிந்திருந்தது: அதையும் திருப்பிக் கொடுத்தீர்களோ?

அங்கிருந்து நேரே ஓவர்பெக்கின் வீட்டுக்குப் போனார். சொல்லிவிடுவதென்று மணியை அமத்தினார். மகள் கதவைத் திறந்தாள். கிழவர் ஜன்னலோரம் இருந்தார். மேசையில் புதுக் காதுக்கருவி இரண்டு, பெட்டி திறந்தபடி கிடந்தன. இராயப்பு வணக்கம் சொன்னதைக் கிழவர் கேட்டார், ஆனால் கேட்டது சரிதானா என்று மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் தலையசைத்த பிறகே பதில் சொன்னார். அதற்குமேல் இராயப்புவால் அங்கே நிற்க ஏலவில்லை. மகளின் முன்னால் வாயும் வரவில்லை. ஈஸ்டர் வாழ்த்து மட்டும் சொல்லிவிட்டு, செருப்பைச் சரியாகப் போடாமலே படியிறங்கினார்.

ஈஸ்டர் திங்களும் வந்தது. பச்சைக்காரி மூலையில் துணிக்குள் இருந்தாள். அவளை யாரும் ஏரிக்குக் கூட்டிப் போகவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இராயப்பு மேசையைத் துடைத்து, ஒரு தாளை எடுத்துக்கொண்டு இருந்தார். வாயால் ஏலாததைக் கடிதத்தால் செய்து பழகிய மனிதர் அவர். சொந்த ஊர் முருங்கனில் படித்த பள்ளிக்கூடத்தில் கடிதத்துக்கென்று ஒரு முறை கற்றுக் கொடுத்தார்கள்: மேலே இடமும் திகதியும், பிறகு விளிப்பு, பிறகு சேதியை நடந்த ஒழுங்கில், கடைசியில் பணிவு. அகதி விடுதியில் இருந்த காலத்தில் அந்த முறையில்தான் எத்தனையோ பேருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். முதலில் தமிழில் எழுதினார். பிறகு அதை ஒவ்வொரு வரியாக ஜெர்மனுக்குக் கொண்டுபோனார். இராயப்புவின் மகள் பிறின்சி ஸ்டுட்கார்ட்டில் இருந்தாள். அவளிடம் திருத்தக் கொடுக்கலாம்தான். பிழையோடு போனாலும் பரவாயில்லை என்று விட்டார்.

சிசிலி பாத்திரம் கழுவிவிட்டு வந்து, தமிழ்த் தாளை எடுத்து நின்றபடியே வாசித்தாள்.

"மதிப்புக்குரிய ஓவர்பெக் ஐயா அவர்களுக்கு. நீங்கள் ஏரிக்குப் போன சனிக்கிழமை உங்கள் காரில் இருந்தது உங்கள் காரின் அச்சு அல்ல. அதை நான் உங்களைக் கேளாமல் எடுத்து, என் மைத்துனரின் காரில் பூட்டி, அதன் பழுதான அச்சை உங்கள் காரில் பூட்டியிருந்தேன். அது ஓடும்போது இறுகியிருந்தால் உங்கள் உயிருக்கு ஆபத்து வந்திருக்கும். ஊளைச் சத்தம் உண்மையாகவே இருந்தது. எண்பதில் எஞ்சின் உயரப் பாடுகிறது என்றீர்கள். அதுவும் உண்மை. அந்த அச்சின் பல்லுக் கணக்கு வேறு. நானறிந்த எந்தத் தொழிலாளியும் அதைக் காதால் பிடித்திருக்க மாட்டார். எனக்கு எல்லாம் கேட்டது. கேட்கவில்லை என்று நான் சொன்னது பொய். உங்கள் காதில் பிழை இல்லை. காரை விற்காதீர்கள். விற்பதானால் வேறு காரணத்துக்காக விற்றுக்கொள்ளுங்கள். கொட்டகைத் திறப்பை எப்போது கேட்டாலும் தருவேன்..."

அவள் தாளை மேசையில் வைத்தாள்.

"இதை அனுப்பினா கொட்டகை போகும். கார் போகும். என்ரை தம்பி எங்கடை வாசலை மிதியான்."

"ஓம்."

"பொலிசுக்குப் போனா?"

"போகட்டும்."

"நேரிலை போய்ச் சொல்ல ஏலாதோ? கடிதமெண்டா அந்த மனிசன் தனிய இருந்தெல்லோ வாசிக்கும்."

"போனனான் சிசிலி. நீர் அந்த முகத்தைப் பாக்கேல்லை. நான் சொன்னா, கேட்டது சரிதானோ எண்டு மகளைத் திரும்பிப் பாக்கும். எழுத்திலை இருந்தா ஆரையும் பாக்கத் தேவையில்லை."

சிசிலி எதிர்க்கதிரையில் இருந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள் அவள். கையில் எப்போதும் கிருமிநாசினி வாசம் இருக்கும். நகத்தை மேசைத்துணியில் உரசினாள். பிறகு சொன்னாள்:

"எங்கடை இல்லத்திலை ஒரு கிழவி இருந்தது. காது கேளாமல் போட்டுதெண்டு அதுக்கு ஆரோ சொல்லிப்போட்டினம். பிறகு பாத்தா அடைப்பு மட்டுந்தான், கழுவிவிட்டாச்சு. ஆனாலும் கிழவி கதைக்கிறதை விட்டிட்டுது. நாங்கள் கேட்டா சிரிக்கும். அவ்வளவுதான்." அவள் எழுந்து அலுமாரிக்குப் போனாள். "ஜெசிக்கு நான் சொல்லுறன். நீங்கள் சொன்னா அவன் உங்களோடை நாய் மாதிரிக் குரைச்சு விழுவான்."

"என்னோடை விழட்டும். கை வைச்சது நான்."

"அவன்ரை வாய்தானே உங்கடை கையைத் தூக்கினது." தபால் முத்திரைத் தாளைக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டாள். "நல்ல முத்திரையாப் பாத்து ஒட்டுங்கோ. பூப் போட்டது கிடக்கு. அது வேண்டாம், கலியாணக் காட் மாதிரி இருக்கும்."

இராயப்பு சிரித்துவிட்டார். சிரித்ததற்கும் குற்றமாக இருந்தது.

ஜெர்மன் கடிதத்தை மூன்றாக மடித்தார். ஓவர்பெக் போர்வைத் துணியை மடித்திருந்தது நினைவுக்கு வந்தது. மறுபடி பிரித்து, மூலைக்கு மூலை சேர்த்து மடித்தார். கூகரின் திறப்பையும் கூட வைத்தார். அது உறையில் துருத்திக்கொண்டு நின்றது. தடித்த உறையொன்று தேடி எடுத்து, அதற்குள் எல்லாவற்றையும் போட்டு, வாயை ஒட்டி, ஒட்டிய இடத்தை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார். நட்டை இறுக்கும்போது கடைசியாகக் கொடுக்கிற அந்தக் கால்வாசிச் சுற்றுப்போல.

தொலைபேசி அடித்தது. ஜெசிந்தன். சிசிலி எடுத்து, "அத்தான் வெளியிலை போறார், நீ இஞ்சை வா, கதைக்க இருக்கு," என்றாள்.

தெருமுனையில் மஞ்சள் தபால்பெட்டி இருந்தது. விடுமுறை நாள், தெருவில் ஆளில்லை. பெட்டியின் வாயில் கடிதத்தை வைத்தபோது, திறப்பின் மேடு தகரத்தில் தட்டுப்பட்டு நின்றது. இராயப்பு உறையைச் சற்றுச் சரித்துத் தள்ளினார். அது நழுவியது. உள்ளே, வெறும் பெட்டியின் அடியில், 'ணங்' என்று ஒரு சத்தம் கேட்டது. தெளிவாகக் கேட்டது.